பாலும் பழமும் மாத்திரையும்

2022 பொங்கல் விடுமுறையில் ஒரு பிற்பகல். பென்னாகரம் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டில், தொலைக்காட்சியில் ‘பாலும் பழமும்’ ஓடிக்கொண்டிருந்தது. மருந்தை எதிர்க்கும் காசநோய்க்கு நான் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஏழாவது மாதம் அது. திரையில் சரோஜாதேவிக்கு நோய் முற்றிக்கொண்டிருந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, “அவளுக்கும் உன் சீக்குதான் கண்ணு” என்றாள். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஆனா அவ கருக்கல.”

கல்லூரியில் தமிழ் சொல்லித்தருகிறவள் நான். கதையையும் படத்தையும் எப்படிப் படிக்க வேண்டும் என்று மாணவிகளுக்குச் சொல்வது என் தொழில். ஆனால் அந்தப் படத்தைப் பற்றி நான் யோசிக்காத ஒன்றை அம்மா இரண்டே சொல்லில் சொல்லிவிட்டாள். நோய்வாய்ப்பட்ட பெண்ணைப் பற்றிய நம் கதைகளில் நோய் இருக்கிறது, சாவு இருக்கிறது, குணமும் இருக்கிறது. மருந்து இல்லை. மாதக்கணக்கில் மருந்தோடு வாழ்கிற உடம்பு இல்லவே இல்லை. அந்த இல்லாமை பெண்களுக்கு என்ன செய்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஏ. பீம்சிங் இயக்கி 1961இல் வந்த படம் அது. கணவன் புற்றுநோய் ஆராய்ச்சியில் மூழ்கியிருக்கும் மருத்துவர். மனைவி அதே தொழிலில் அவனுக்குத் துணையாக இருந்த செவிலி. அவளுக்குக் காசநோய் வருகிறது. கணவன் பாலும் பழமும் கையில் ஏந்தி வந்து பணிவிடை செய்கிறான். படத்தின் பெயரையே முதல் சொற்களாகக் கொண்ட கண்ணதாசன் பாட்டு அப்போதுதான் வருகிறது. தன்னால் அவனுடைய ஆராய்ச்சி கெடுகிறது என்று உணர்ந்து அவள் வீட்டை விட்டுப் போகிறாள். குணமாகித் திரும்பும்போது அவன் இன்னொருத்தியை மணந்திருக்கிறான், பார்வையையும் இழந்திருக்கிறான். அவள் தன்னை யாரென்று சொல்லாமல் செவிலியாக அவனுக்குப் பணிவிடை செய்கிறாள்.

மனைவிக்குக் கணவன் பணிவிடை செய்யும் காட்சியைத் தமிழ் சினிமா இவ்வளவு அழகாக எடுத்தது அபூர்வம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணிவிடைக்கு அவள் கொடுக்கும் விலையைப் பாருங்கள். பாட்டு முடிந்ததும் கவனிப்பு ஒரு கடனாகிவிடுகிறது. வீட்டை விட்டுப் போய் அந்தக் கடனை அடைக்கிறாள், திரும்பி வந்து பணிப்பெண்ணாக வட்டியும் கட்டுகிறாள். அவள் குணமான காலத்தில் படம் அவளோடு தங்குவதில்லை. கதை அவனோடுதான் போகிறது. அவள் என்ன மருந்து தின்றாள், அது அவள் குடலை, கண்ணை, தூக்கத்தை என்ன செய்தது என்பது நமக்குத் தெரியாது. போனவள் எப்படிப் போனாளோ அதே முகத்தோடு வந்து நிற்கிறாள்.

இதில் இன்னொரு விசித்திரம் உண்டு. அவள் வீட்டை விட்டுப் போயிருக்கவே வேண்டாம். அதைக் கண்டுபிடித்தது அந்தப் படம் எடுக்கப்பட்ட அதே சென்னை. காசநோய் என்றால் தாம்பரம், மதனப்பள்ளி போன்ற சானடோரியங்களுக்குப் போக வேண்டும் என்றிருந்த காலத்தில், 1956இல், சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழிவந்தது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே நடந்த ஆய்வு, ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தது. 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். வீட்டாருக்குத் தொற்றும் கூடவில்லை. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்த ஆய்வு அது. நானும் என் வீட்டில், என் பிள்ளையின் பக்கத்தில் இருந்தே பிழைத்தேன் என்றால் அதற்கு அந்த ஆய்வுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

அந்த முடிவு வந்து இரண்டு ஆண்டுகள் கழித்தும் படம் அவளை வெளியே அனுப்புகிறது. மருத்துவம் அதைக் கேட்கவில்லை, தியாகம் கேட்டது.

ஆனால் ஆய்வையும் ஒரு பெண்ணாகத்தான் நான் படிக்கிறேன். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவாகவும் ஓய்வு குறைவாகவும் இருந்தன, அப்படியிருந்தும் மருந்து வேலை செய்தது என்று அது பதிவு செய்கிறது. கிருமிக்கு அது நல்ல கணக்கு. ஆனால் ‘ஓய்வு குறைவு’ என்ற இரண்டு சொல்லுக்குள் தண்ணீர்க் குடமும் அடுப்பும் மாட்டுத்தொழுவமும் இருக்கின்றன. ஓய்வு இல்லாமலும் குணமாகும் என்ற அறிவியல் உண்மை, எங்கள் பக்கத்து வீடுகளுக்கு வந்து சேரும்போது, ஓய்வே வேண்டாம் என்பதாகத் திரிந்துவிட்டது. என் மாமியார் கெட்டவர் இல்லை. “மாத்திர சாப்ட்டுட்டு வேல செய்யலாம்னு டாக்டரே சொன்னாங்களாம்மா” என்று அவர் சொன்னபோது அதில் பொய்யும் இல்லை.

அந்த வேலை என்னவென்று சொல்ல வேண்டும். பாலக்கோடு பக்கம் எங்கள் வீட்டில் இரவுக்கு ராகிக் களி. களி கிண்டத் தோளில் பலம் வேண்டும், காலை ஊன்றி நிற்க வேண்டும். நான் சாப்பிட்ட மருந்துகளில் ஒன்று லினசோலிட். அது நரம்பைப் பாதிக்கும். ஆறாவது மாதத்தில் என் பாதங்கள் எரியத் தொடங்கி, பிறகு மரத்துப்போயின. செருப்பு கழன்றது தெரியாமல் தெருவில் நடந்திருக்கிறேன். அடுப்படியில் சிதறிய தணலை மிதித்தது, தோல் கருகிய வாசம் வந்த பிறகுதான் தெரிந்தது. “கால் வலிக்குது” என்றால் எங்கள் மாவட்டத்தில் அதற்கு ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது: தண்ணி. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள ஊர் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. பல்லில் கறையும் மூட்டில் வலியுமாக ஒரு தலைமுறைப் பெண்கள் இங்கே இருக்கிறார்கள். “எங்களுக்கெல்லாம் வலிக்கலியா?” என்று அவர்கள் கேட்கும்போது, மருந்தால் வந்த வலி ஊர் வலியோடு கலந்து காணாமல் போய்விடுகிறது.

இங்கேதான் எனக்கு சூசன் சொன்டாக்கின் ‘உருவகமாக நோய்’ என்ற நூல் உதவியது, பிறகு போதாமலும் ஆனது. 1978இல் வந்த அந்த நூல், ஐரோப்பிய இலக்கியம் காசநோயை எப்படி மெலிந்த, வெளுத்த, நுண்ணுணர்வு மிக்க ஒரு அழகாக மாற்றியது என்று காட்டுகிறது. நோய் நோய்தான், அதன்மேல் அர்த்தங்களை ஏற்றாதீர்கள், அது நோயாளியைக் கொல்கிறது என்கிறது. சரியான மருந்துகள் வந்த பிறகு காசநோயின் மேலிருந்த அந்த மயக்கம் கலைந்தது என்றும் சொல்கிறது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையின் அனுபவத்திலிருந்து அதை எழுதிய சொன்டாக், தன் உடம்பைப் பற்றி அதில் எழுதவில்லை. அது அவர் தேர்வு. ஆனால் மருந்து வந்ததும் உருவகம் ஒழிந்தது என்பதை மட்டும் என் பதினெட்டு மாதங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நான் பார்த்த வரையில், உருவகம் நோயை விட்டு இறங்கி மருந்தின் மேல் ஏறிக்கொண்டது. என் உடம்பில் மருந்து செய்த ஒவ்வொன்றுக்கும் வீடும் தெருவும் வேறு ஒரு பெயர் வைத்திருந்தன.

முதல் பெயர் கருப்பு. குளோஃபாசிமின் என்ற மாத்திரை உண்மையில் ஒரு சாயப்பொருள். 1950களில் டப்ளினில் வின்சென்ட் பேரியின் குழு காசநோய்க்காக உருவாக்கியது. அங்கிருந்து தொழுநோய்க்குப் போய், 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையில் இடம்பிடித்து, பல ஆண்டுகள் கழித்துக் காசநோய்க்கே திரும்பி வந்தது. அது தோலிலும் கொழுப்பிலும் தங்கி, சிவந்து, பிறகு கருத்த நிறம் தரும். நிறுத்திய பிறகு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் மெல்ல வடியும். இது ஒரு வேதியியல் செய்தி. ஆனால் அந்த மாத்திரையை அடையாளம் கண்ட ஒரு பெரியவர் “இது குஷ்டத்துக்குக் குடுக்கறதாச்சே” என்று திண்ணையில் சொன்ன நிமிடத்திலிருந்து அது செய்தியாக இருக்கவில்லை. அந்தச் சொல்லோடு 1954இல் வந்த ‘ரத்தக்கண்ணீர்’ எங்கள் வீட்டுக்குள் வந்தது. எம்.ஆர். ராதாவின் உடம்பில் தொழுநோயைத் தண்டனையாக எழுதிக் காட்டிய படம் அது. அதைப் பார்க்காத என் மகள் வயதுப் பிள்ளைகளுக்கும் அதன் தீர்ப்பு தெரிந்திருந்தது.

ஒரு கல்யாணத்தில் என்னைப் பின்வரிசையில் நிற்கச் சொன்னார்கள். இன்னொரு உறவுக்காரப் பெண் அன்பாகவே என் கையில் பவுடர் டப்பாவைத் திணித்தாள். அன்று ஆட்ரி லார்ட் நினைவுக்கு வந்தார். மார்பகம் அகற்றப்பட்ட பிறகு செயற்கை மார்பு வைக்காமல் மருத்துவரைப் பார்க்கப் போன அவரிடம், இப்படி வந்தால் இங்கே எல்லோருடைய மனமும் தளரும் என்ற பொருளில் ஒரு செவிலி சொன்னதை 1980இல் வந்த ‘புற்றுநோய்க் குறிப்புகள்’ நூலில் எழுதியிருக்கிறார். சிகிச்சையின் தடத்தை மறைப்பது நோயாளியின் நலனுக்கு என்று சொல்லப்படுகிறது. நிம்மதி யாருக்கு என்று லார்ட் கேட்டார். நியூயார்க்கில் ஒரு கருப்பினப் பெண் கேட்ட அந்தக் கேள்வி, மாப்பிள்ளைத் தேடலில் நிறத்தை முதல் தகுதியாக வைக்கிற எங்கள் ஊரில் அந்தப் பவுடர் டப்பாவின் மேல் அப்படியே பொருந்தியது.

இரண்டாவது பெயர் பேய். சைக்ளோசெரின் மனத்தைக் கலைக்கக்கூடிய மருந்து. சிலருக்குத் துக்கமாக வரும், சிலருக்குச் சந்தேகமாக, சிலருக்கு இல்லாத குரல்களாக. நான் இரவில் அழுதேன். பகலில் கத்தினேன். ஒருநாள் தட்டை வீசினேன். என்னை மந்திரிக்கக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினார்கள். கயிற்றோடுதான் அடுத்த வாரம் காசநோய்ப் பிரிவுச் சிஸ்டரிடம் போனேன். அவர் கயிற்றைப் பார்த்துவிட்டு, சிரிக்காமல், “எப்பத்திலருந்து தூக்கம் இல்ல?” என்று கேட்டார். டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றியமைத்தார்கள். அந்த ஒரு கேள்விக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் இதையும் எழுதியாக வேண்டும்: மருந்து மாறி, அழுகை நின்று, தூக்கம் வந்த பிறகும் கோபத்தில் ஒரு பங்கு என்னிடமே இருந்தது. அந்தப் பங்கு மாத்திரையுடையது அல்ல, பல வருஷமாக என்னுடையது. அது வந்தபோதெல்லாம், “இன்னும் மாத்திர வேகம் தணியல போல” என்று வீட்டில் சொன்னார்கள். மருந்தின் விளைவைப் பெண்ணின் குணமாகப் படிப்பதும், பெண்ணின் குணத்தை மருந்தின் விளைவாகப் படிப்பதும் ஒரே பழக்கத்தின் இரண்டு முனைகள்.

மூன்றாவது பெயர் நடத்தை. இது எனக்கு நேர்ந்ததல்ல. மருந்து வாங்கும் பெஞ்சில் அரூர் பக்கத்துப் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது. அவளுக்குச் சாதாரணக் காசநோய், ஆறு மாதச் சிகிச்சை. அதில் உள்ள ரிஃபாம்பிசின் சிறுநீரையும் வியர்வையையும் செம்மஞ்சளாக்கும், அதனால் ஆபத்தில்லை. அதே மருந்து கருத்தடை மாத்திரையின் பலத்தையும் குறைத்துவிடும். அந்தச் சிகிச்சை நடக்கும்போதும், முடிந்த பிறகு நான்கு வாரங்களுக்கும் ஆணுறையோ காப்பர்-டியோ போன்ற வேறு வழி வேண்டும். முதல் விஷயத்தை அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள், இரண்டாவதைச் சொல்லவில்லை. மாலா-என் ஒழுங்காகச் சாப்பிட்டுவந்தவளுக்கு நாள் தள்ளிப்போனது. “மாத்திர போட்டுட்டுத்தான் இருந்தேன்னா யார்க்கா நம்பறாங்க? எந்த மாத்திரன்னு கேக்கறார்” என்றாள். சிறுநீரின் நிறம் கண்ணுக்குத் தெரியும் விளைவு, அதனால் சொல்லப்படுகிறது. கர்ப்பம் அவளுடைய சொந்த விஷயமாகிவிடுகிறது. இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் ஒருத்தியாவது இந்த ஒரு செய்தியைத் தெரிந்தவர்களுக்குச் சொன்னால், எழுதியதற்கு அதுவே போதும்.

இப்போது சொல்லைப் பார்ப்போம். ‘பக்க விளைவு’ என்கிறோம். எதற்குப் பக்கத்தில்? கிருமியை நடுவில் வைத்துப் பார்த்தால் மற்றதெல்லாம் பக்கம்தான். மருத்துவம் அப்படிப் பார்க்க வேண்டியிருக்கிறது, அதில் தவறில்லை. ஆனால் ஒரு பெண்ணின் நாளை நடுவில் வைத்துப் பார்த்தால் கிருமி எங்கோ நெஞ்சுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. அடுப்புக்கும் படுக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நிற்பது மருந்துதான். எங்கள் பெண்கள் ‘பக்க விளைவு’ என்று சொல்வதில்லை. “மாத்திர ஒத்துக்கல” என்கிறார்கள். உடம்பும் மருந்தும் ஒத்துப்போக வேண்டிய இரண்டு பேர் என்பதுபோல. பக்கம், நடு என்று பிரிக்காத இந்தச் சொல் எனக்குக் கூடுதல் நேர்மையாகப் படுகிறது.

இன்னொரு சொல் ‘டிஃபால்டர்’. மருந்தைப் பாதியில் விட்டவர்களை நீண்ட காலம் அப்படித்தான் குறித்தார்கள். 2013இல் உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லைக் கைவிட்டு, தொடர்பு விட்டுப்போனவர் என்ற பொருளில் வேறு சொல்லை வைத்தது. பேச்சில் அது இன்னும் சாகவில்லை. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு டிஃபால்டர் என்றால் குழுக் கடன் கட்டாதவள், வீட்டு வாசலில் ஆட்கள் வந்து உட்காரும் அவமானம். மருந்தை விட்டவளைக் கடன்காரி ஆக்கும் மொழியில், ஏன் விட்டாள் என்ற கேள்விக்கு இடமில்லை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஆர்வத்தோடு உழைக்கும் களப்பணியாளர்களே என்னிடம் சொன்னது அது. “நீங்க இதெல்லாம் எழுதினா, பயந்து மருந்த விட்ருவாங்க மேடம். விட்டா செத்துருவாங்க.” இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மருந்து இல்லையென்றால் இதை எழுத நான் இல்லை. நிறுத்திய மருந்து நோயை இன்னும் பிடிவாதமாக்கும் என்பதும் உண்மை. ஆனால் நான் பார்த்தவரையில், தெரிந்து பயந்து விட்டவர்களைவிட, தெரியாமல் பயந்து விட்டவர்கள் அதிகம். சிறுநீரின் நிறத்தை இரத்தம் என்று நினைத்தவள், மரத்த காலைச் சாபம் என்று நினைத்தவள், ‘சூடு’ என்று இளநீர் குடித்துக்கொண்டே நாளுக்கு ஒரு மாத்திரையை ஒளித்தவள். விளைவுக்கு அதன் சொந்தப் பெயரைச் சொல்லியிருந்தால், அவர்கள் விடுவதற்கு முன்பு சொல்ல வந்திருப்பார்கள்.

சொல்வது மருந்தையே மாற்றும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 109 பேரிடம் நடந்த நிக்ஸ் ஆய்வு 2020இல் வெளியானது. பெடாக்குயிலின், பிரிட்டோமனிட், லினசோலிட் மூன்றும் சேர்ந்து மிகக் கடினமான காசநோயைக்கூட ஆறே மாதத்தில் பெரும்பாலோருக்குக் குணமாக்கின. அதில் லினசோலிட் நாளைக்கு 1200 மில்லிகிராம். அந்த ஆய்வு நரம்புப் பாதிப்பையும் எண்ணியது: 81 சதவீதம் பேருக்கு. எண்ணியதால் அடுத்த ஆய்வில் அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். 600 மில்லிகிராமிலும் குணம் கிடைத்தது, பாதிப்பு குறைந்தது. அந்தக் குறைந்த அளவோடு, மாக்சிஃப்ளாக்சசின் சேர்த்த ஆறு மாதச் சிகிச்சைக்கு இந்திய அரசு 2024 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. அதில் குளோஃபாசிமின் இல்லை. யாரோ ஒருத்தி எங்கோ ஒரு நாட்டில் “என் கால் எரிகிறது” என்று சொன்னதும், ஒருவர் அதை எழுதிவைத்ததும் சேர்ந்துதான், எனக்குப் பின்னால் வருகிறவளுக்கு மருந்தின் அளவு குறைந்திருக்கிறது.

மாணவிகளிடம் நான் இப்போது நோயைப் பற்றிய எந்தக் கதையைப் படித்தாலும் மருந்தைத் தேடச் சொல்கிறேன். அவள் எதைத் தின்றாள், எத்தனை நாள், வாந்தி வந்தபோது யார் துடைத்தார்கள், அன்றைக்குச் சோறு யார் ஆக்கினார்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத கதைகள் எத்தனை என்று எண்ணினாலே நம் இலக்கியத்தின் ஒரு பக்கம் தெரியும்.

சிகிச்சை 2023 தொடக்கத்தில் முடிந்தது. நிறம் வடிய ஒன்றரை வருஷம் ஆயிற்று. பாதங்களில் விரல் நுனிகள் இன்னும் மரத்தே இருக்கின்றன, அடுப்படியில் செருப்போடுதான் நிற்கிறேன். போன வருஷம் அதே படம் மறுபடி ஓடியது. அம்மா பாட்டு முடியும்வரை பேசாமல் இருந்தாள். பிறகு, “பால் பழம்லாம் சரி கண்ணு. அந்த மாத்திரைய முழுங்கிட்டு அவ என்ன பாடுபட்டாளோ, அதக் காட்டலியே” என்றாள். எழுந்து போய், எனக்கும் சேர்த்துக் களி கிண்ட அடுப்பைப் பற்றவைத்தாள்.